அடுத்து அவர்கள் ஆக்கவேண்டியது யாது?

மதிய இடைவேளையில் எமது கல்லூரியின் மேல்மாடி விறாந்தையில் உயர்தர வகுப்பு மாணாக்கர் நால்வர் உரத்த குரலில் தர்க்கித்துக்கொண்டு நின்றனர். குரலின் வேகத்தைக் கேட்டு, வரப்போகும் கிறிக்கெற் போட்டிக்கான அணித்தெரிவு பற்றிய வழக்காயிருக்கும் என்றே நாம் எண்ணினோம். அருகிற் சென்றபோதுதான் விடயம் வேறெனத் தெரிந்தது. யப்பானியத் தலைநகராகிய ரோக்கியோவில் இயங்கும் புரொம்சொவ்ற்வெயர் என்னும் வீடியோ விளையாட்டு நிறுவனம் இனி எதனை ஆக்கவேண்டும் என்பதே அவர்களது வாதப்பொருள். ‘எல்டன் றிங்’கின் இரண்டாம் பாகம் வரவேண்டும் என்றான் ஒருவன். இல்லை, ‘பிளட்போர்ன்’ என்னும் பழைய விளையாட்டுக்கே தொடர்ச்சி வேண்டும் என்றான் மற்றவன். மூன்றாமவன் இருவரையும் ஏளனஞ் செய்தான். நான்காமவன் நம்மைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டான்.

முன்னைய நாட்களாயின், பரீட்சைக்குரிய பாடத்தைப் பற்றி இவ்வாறு ஒருநாளாவது தர்க்கித்ததுண்டோ எனக் கடிந்து அவர்களை வகுப்புக்கு அனுப்பியிருப்போம். அன்று அவ்வாறு செய்யவில்லை. காரணம், அதே வினாவுக்கு நாமும் மனத்துள் ஒரு விடை வைத்திருந்தோம். நாற்பது வயதைத் தாண்டிய ஆசிரியர் ஒருவருக்கு இத்தகைய விடயத்தில் அபிப்பிராயம் வந்த விதத்தை முதலிற் சொல்லிவிடுதல் முறையாகும்.

எமது தமக்கையாரின் மகன் சென்ற முறை உயர்தரப் பரீட்சையிற் கணிதப் பிரிவிற் தோற்றி மூன்று பாடங்களுள் இரண்டிற் சித்தியெய்தத் தவறிவிட்டான். அதன்பின் அவன் அறைக்கதவு பூட்டியே கிடந்தது. சாப்பாட்டுக்கு மாத்திரம் வெளியே வருவான். இரவு முழுவதும் உள்ளே வாள்கள் மோதும் ஓசை. “தம்பி, நீ ஒருக்கா வந்து அவனைக் கேள். நான் சொன்னால் கேக்கிறானில்லை” என்று தமக்கையார் கண்கலங்கினார். கண்டிக்கும் எண்ணத்துடனேயே சென்றோம். கதவைத் திறந்தவன், “மாமா, பத்து நிமிஷம் பொறுங்கோ” என்று சொல்லி மீண்டும் திரையின் முன் அமர்ந்தான். பத்து நிமிடம் இரண்டு மணித்தியாலமாயிற்று. நாமும் எழுந்து செல்லவில்லை.

அவன் ஆடிக்கொண்டிருந்தது ‘செக்கிரோ’ என்னும் விளையாட்டு. 2019இல் வெளிவந்தது. யப்பானின் உள்நாட்டுப் போர்க்காலத்தின் இறுதியில், அஷினா என்னும் கற்பனை நாட்டில், இடக்கையை இழந்த ஒற்றன் ஒருவன் தன் இளம் எசமானனை மீட்கச் செல்லும் கதை அது. கோட்டையின் உச்சியிலே கெனிச்சிரோ என்னும் பிரபு வில்லும் வாளும் தாங்கி நிற்கிறான். எமது மருமகன் அவனிடம் அன்றிரவு முப்பது தடவைக்குக் குறையாமல் இறந்துபட்டான். நாம் எண்ணிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு தடவையும் திரையிலே மரணத்தைக் குறிக்கும் எழுத்து தோன்றும். அவன் ஒரு பெருமூச்சு விட்டு மீண்டும் தொடங்குவான். இருபதாவது மரணத்தின்பின், “இவ்வளவு தோற்றும் அலுக்கவில்லையோ?” என்று கேட்டோம். “இது தோல்வியில்லை மாமா. முதல் அவன்ரை வாள் எந்தப் பக்கத்தால வருது எண்டே எனக்குத் தெரியேல்லை. இப்ப நாலு வீச்சு மட்டும் தெரியும். அஞ்சாவதிலதான் சாகிறன்.”

இச்சொற்கள் எம்மைச் சற்றே தடுமாறச் செய்தன. இதே பையன்தான் ஒரு பரீட்சைத் தோல்வியின்பின் கதவைப் பூட்டிக்கொண்டவன்.

கவனித்துப் பார்க்கும்போது அவ்விளையாட்டின் நுட்பம் புலனாயிற்று. எதிரியின் வாளை விட்டு ஓடுவதாற் பயனில்லை. அவ்வாள் வந்து படும் அதே கணத்தில் தன் வாளை நிறுத்தினால் அவன் நிலை தளரும். அவ்வாறு பன்முறை தளர்ந்தபின் ஒரே வெட்டு. இறுதிக் கட்டத்தில் அப்பிரபு கவசத்தைக் களைந்துவிட்டு மின்னலை ஏவுகின்றான். ஆகாயத்திற் பாய்ந்து அம்மின்னலை உடலில் ஏற்று, கால் நிலத்திற் படுமுன் அதனை அவன்மீதே திருப்பி வீசவேண்டும். இதனை ஒருவன் புத்தகத்தைப் படித்துக் கற்றுவிட முடியாது. கையும் கண்ணும் பிழைவிட்டுப் பிழைவிட்டே கற்கவேண்டும். ஆட்டக்காரனுடைய பாத்திரம் பலசாலியாவதன் மூலம் வெல்லும் விளையாட்டுக்கள் பல உண்டென்பர். இங்கே பலசாலியாவது திரைக்கு வெளியே கதிரையில் இருப்பவன்.

இத்தகைய விளையாட்டை ஆக்கியோர் யாவர் என அறிய ஆவலுற்றோம். விசாரித்தபோது கிடைத்த செய்திகள் சுவையானவை. 1986இல் இந்நிறுவனம் தோன்றியபோது அலுவலகங்களுக்குரிய கணினிச் செயலிகளையே செய்துவந்தது. சோனி நிறுவனத்தின் முதலாவது பிளேஸ்ரேஷன் 1994 டிசெம்பரில் யப்பானிற் கடைக்கு வந்தது. அதே மாதத்திலே ‘கிங்ஸ் பீல்ட்’ என்னும் இருண்ட நிலவறை விளையாட்டுடன் இவர்கள் இத்துறைக்குட் புகுந்தனர். 1997இல் ‘ஆர்மர்ட் கோர்’ என்னும் இயந்திர வீரர் விளையாட்டு வந்தது. 1998இல் ‘எக்கோ நைற்’. காணாமற்போன ஒரு கப்பலில் உலவும் ஆவிகளின் நிறைவேறாத ஆசைகளைத் தீர்த்துவைக்கும் கதை. அதில் வாளுமில்லை, துவக்குமில்லை. பொல்லாத ஆவி வந்தால் விளக்கைப் போடவேண்டும், அவ்வளவே. 2000இல் இரண்டு முயல்கள் நடிக்கும் சிறுவர் விளையாட்டொன்றையும் இதே நிறுவனத்தார் ஆக்கினர் என்று அறிந்தபோது நாம் நம்பவில்லை. இருவர் ஒரே கட்டுப்பாட்டுக் கருவியை ஆளுக்கொரு பாதியாகப் பிடித்து ஆடலாமாம். 2004இல் அமெரிக்க சனாதிபதி இயந்திரக் கவசம் பூண்டு உப சனாதிபதியின் சதியை முறியடிக்கும் கூத்தொன்றும் உண்டு. இதனை வாசகர்கள் சற்றே நினைவில் வைத்திருத்தல் வேண்டும். பின்னர் இதற்கு வருவோம்.

இந்நிறுவனத்தின் இன்றைய கீர்த்திக்கு மூலகாரணர் ஹிடெட்டக்கா மியாசாக்கி. ஒறக்கிள் நிறுவனத்திற் பணியாற்றிய இவர், ‘இக்கோ’ என்னும் விளையாட்டைக் கண்டு மனம் மாறி, 2004இல், இருபத்தொன்பது வயதில், குறைந்த சம்பளத்துக்கு இங்கு வந்து சேர்ந்தவர். அப்போது நிறுவனத்துக்குள் ஒரு வேலை தோல்வியெனக் கருதப்பட்டு ஒதுக்கிடையாகக் கிடந்தது. எப்படியும் தோற்கப்போகும் வேலையாயின், தாம் விரும்பியவாறு செய்தாலும் தடுப்பார் இலர் எனக் கண்டு அதனைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதுவே 2009இல் வெளியான ‘டீமன்ஸ் சோல்ஸ்’. யப்பானில் அதனை வெளியிட்ட சோனி நிறுவனத்தார் அமெரிக்காவில் வெளியிட மனங்கொள்ளவில்லை. வேறொரு பதிப்பாளரே அங்கு வெளியிட்டனர். ஆடியவர் மற்றவர்க்குச் சொல்ல, மெல்ல மெல்லப் பரவியது. 2011இல் ‘டார்க் சோல்ஸ்’, 2015இல் ‘பிளட்போர்ன்’, பின் ‘செக்கிரோ’, 2022இல் ‘எல்டன் றிங்’. இடையே 2014இல் மியாசாக்கி நிறுவனத் தலைவரானார். ‘எல்டன் றிங்’ ஒன்றே வெளியான முதல் மூன்று வாரத்துக்குள் 1 கோடியே 20 இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனையாயிற்று.

இவரது இளமைப் பருவம் பற்றி இவரே கூறிய செய்தியொன்று எம்மை மிகவும் கவர்ந்தது. ஷிசுவோக்கா என்னும் ஊரில் வறிய குடும்பத்திற் பிறந்தவர். புத்தகம் வாங்க வழியில்லை. நூலகத்தில் இரவல் பெற்றே வாசிப்பார். தம் வயதுக்கு மிஞ்சிய நூல்களை எடுத்துவந்து, விளங்காத பகுதிகளைப் படங்களைப் பார்த்துத் தாமே கற்பனையால் இட்டுநிரப்புவாராம். அவர் ஆக்கும் விளையாட்டுக்களிற் கதை துண்டு துண்டாகவே கிடைப்பதற்கும், ஒரு பழைய மோதிரத்தின் குறிப்பிலே ஓர் அரச வமிசத்தின் வீழ்ச்சி இரண்டு வரியில் ஒளிந்திருப்பதற்கும் வேர் இங்கேயிருக்கின்றது.

இதனை வாசித்தபோது எமது பிராயம் நினைவுக்கு வந்தது. 1990 முதற் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயைச் சிக்கனப்படுத்த ஜாம் போத்தலுக்குள் திரியிட்ட சிறு விளக்கைச் சுற்றி வீட்டுப் பிள்ளைகள் யாவரும் அமர்ந்து படிப்போம். கைக்குக் கிடைத்த கதைப்புத்தகங்களிற் பெரும்பாலானவை முதற்பக்கமும் கடைசிப்பக்கமும் இல்லாதவை. ஒரு துப்பறியும் நாவலின் கொலைகாரன் யாரென்பது எமக்கு இன்றுவரை தெரியாது. தமக்கையார் ஒருவரையும் நாம் வேறொருவரையும் சந்தேகித்து ஒரு மாதம் பேசாதிருந்தோம். கிடைக்காத பக்கத்துக்கு ஓர் ஆற்றல் உண்டென்பதை அக்காலத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மியாசாக்கியிடம் இன்னொரு கதையுமுண்டு. பனி பெய்த ஓர் இரவில் மலைச்சரிவொன்றில் அவரது கார் ஏறமாட்டாது நின்றது. முன்னும் பின்னும் பல கார்கள் அவ்வாறே. அப்போது பின்னால் வந்தவர் தம் காரினால் முன்னுள்ள காரைத் தள்ள, அவ்வாறே ஒன்றையொன்று தள்ளி யாவும் மேடேறின. இறங்கி நன்றி சொல்ல நின்றாற் மீண்டும் சறுக்கும். ஆகவே நிற்காமற் சென்றார். கடைசியில் நின்ற காரை யார் தள்ளியிருப்பார் என்ற நினைவு மாத்திரம் அவரை விட்டகலவில்லை. இதிலிருந்து பிறந்ததே அவருடைய விளையாட்டுக்களில் ஆட்டக்காரர் நிலத்தில் எழுதிவிட்டுச் செல்லும் குறிப்புக்கள். எங்கோ ஒரு நாட்டில் ஒருவர் ‘முன்னே பள்ளம்’ என எழுதுகின்றார். வேறொரு நாட்டில் முகமறியாத ஒருவர் அதனை வாசித்துப் பிழைக்கின்றார். வாசித்தவர் அதனை நன்றென மதித்தால் எழுதியவரின் உயிர்ப்பலம் கூடுகின்றது. பொய்க்குறிப்பு எழுதிப் பாதாளத்திற் பாயவைக்கும் வீணரும் உளர் என மருமகன் சொல்லிச் சிரித்தான். தானும் இருமுறை பாய்ந்தானாம்.

இனி வினாவுக்கு வருவோம். ‘எல்டன் றிங்’குக்குப் பின் இவர்கள் சென்ற பாதை யாது? 2023இல் ‘ஆர்மர்ட் கோர்’ வரிசையின் ஆறாம் பாகம்; அது நல்லதே. 2024இல் ‘எல்டன் றிங்’கின் விரிவாக்கம். 2025 மே மாதத்தில் ‘நைற்றெயின்’. மூவர் கூடி, சுருங்கிக்கொண்டு வரும் நிலத்தில், நேரத்தோடு போட்டியிட்டு ஆடும் ஆட்டம். தனியே ஆடவும் வழியுண்டு. ஆனால் அது மூவருக்கெனத் தைத்த சட்டை. 2025 ஏப்பிரிலில் மியாசாக்கி தாமே இயக்கும் ‘டஸ்க்பிளட்ஸ்’ அறிவிக்கப்பட்டது. நிந்தெண்டோவின் புதிய கருவிக்காக எண்மர் வரை கூடி ஆடுவது. தனியாள் விளையாட்டுக்களைத் தாம் கைவிடவில்லை என்று அவர் அப்போதே விளக்கமும் அளித்தார். அவர் சொல்லை நாம் ஐயுறவில்லை. ஆயினும் பெருவெற்றியின் பாரம் தனி மனிதரின் விருப்பத்தைவிட வலியது. 2014 முதல் இந்நிறுவனம் கடொக்காவா என்னும் பெரும் பதிப்புக் குழுமத்துக்குச் சொந்தமானது. அக்குழுமத்தில் 2025 சனவரியில் சோனி நிறுவனம் சுமார் நூற்றுக்குப் பத்துப் பங்கு பெற்று மிகப்பெரிய பங்காளியாயிற்று. பங்காளர்கள் அடுத்ததும் கோடிக்கணக்கில் விற்கவேண்டும் என எதிர்பார்ப்பர். அவர்களைக் குறைகூறுவதற்கில்லை.

எமது கவலை வேறு. மூவர் கூடி ஓடும் ஆட்டத்தில், ஒருவன் முப்பது தடவை இறப்பதை மற்றையிருவர் பொறுப்பரோ? அங்கே தோற்பவன் பிறருக்குச் சுமையாகின்றான். கெனிச்சிரோவின் முன் எமது மருமகன் தனியே நின்றான். அவன் தோற்றதை யாரும் காணவில்லை, மாமன் ஒருவரைத் தவிர. அத் தனிமையிலேதான் அவனால் அச்சமின்றித் தோற்க முடிந்தது. பெறுபேறு வெளியான அன்று சுட்டெண்ணைக் கேட்டு எத்தனை உறவினர் தொலைபேசி எடுத்தனர் என்பதை நாம் அறிவோம். அவர்களுள் நாமும் ஒருவர் என்பதை ஒளிப்பதிற் பயனில்லை.

எனவே இவர்கள் அடுத்து ஆக்கவேண்டியது, ‘எல்டன் றிங்’கின் இரண்டாம் பாகமன்று. அவ்வளவு பரந்த நிலத்தை இன்னுமொருமுறை நிரப்பப் புகுந்தால், முன்கண்ட பூதங்களே வேறு நிறத்தில் வரும். முதலாவதிலேயே அக்குறை ஓரளவு உண்டென ஆடியோர் கூறுவர். ‘பிளட்போர்ன்’ தொடர்ச்சியும் இவர்களின் கையில் மாத்திரம் உள்ளதன்று. அதன் உரிமை சோனியிடம் இருக்கின்றது. சிறிய, ஒருவரே ஆடுகின்ற, இருபது மணித்தியாலத்தில் முடியத்தக்க, வாளில்லாத ஒன்றையே நாம் விரும்புகின்றோம்.

‘வாளில்லாமற் புரொம்சொவ்ற்வெயரா?’ என மாணாக்கர் நகைப்பர். முயல்களையும் ஆவிக்கப்பலையும் நினைவில் வைத்திருக்கச் சொன்னது இதற்காகவே. அதுமட்டுமன்று, 2018இல் மியாசாக்கி தாமே ‘டெறசினே’ என்னும் சின்னஞ்சிறு படைப்பொன்றை இயக்கியிருக்கின்றார். கண்களில் மாட்டும் காட்சிக் கருவி கொண்டு ஆடுவது. தொலைவிலுள்ள ஒரு விடுதிப் பள்ளிக்கூடம். அதிற் சில பிள்ளைகள். அவர்கள் கண்ணுக்குத் தெரியாத தேவதையாக நாம். காலம் உறைந்து நிற்கும் அறைகளில் உலவி, ஓர் உயிரின் காலத்தை எடுத்து இன்னொன்றுக்கு அளிக்கலாம். அதற்கு விலையும் உண்டு. கருவி வைத்திருந்தோர் சிலராகையால் ஆடியோரும் சிலரே. இவர்களது படைப்புக்களுள் மிகக் குறைவாகப் பேசப்படுவது இதுவாகவே இருக்கக்கூடும். அந்த விதையை மீண்டும் நிலத்தில் ஊன்றவேண்டும் என்பதே எமது கட்சி.

எமக்கு ஒரு கற்பனையுமுண்டு. கடலோரத்திற் கைவிடப்பட்ட ஒரு நூலகம். வருகின்றவனுக்கு அங்குள்ள எழுத்துத் தெரியாது. படங்கள் மாத்திரம் தெரியும். ஒரு சொல்லின் பொருளை அவன் ஊகித்தால் அதற்கேற்ப ஒரு கதவு திறக்கும். பிழையாக ஊகித்தால் விளக்கு அணைந்து வாயிலுக்கே மீளவேண்டும். அதுவரை சேர்த்த சொற்கள் யாவும் விழுந்த இடத்திலேயே கிடக்கும். ‘டார்க் சோல்ஸ்’ ஆட்டத்தில் இறந்தவனின் பொருள் இறந்த இடத்திற் கிடப்பதுபோல, ஒருமுறை மீண்டு சென்று எடுக்கலாம். வழியில் மறுபடியும் பிழைத்தால் முற்றாக இழக்கவேண்டியதுதான். புத்தக ஓரங்களில் முன்சென்ற வாசகரின் குறிப்புக்கள் இருக்கும். மெய்யும் பொய்யும் கலந்திருக்கும். அறியாத மொழியைக் கற்கும் விளையாட்டு முன்னர் வந்ததில்லையென நாம் சொல்லவரவில்லை. 2023இல் ‘சான்ற்ஸ் ஒவ் செனார்’ என்னும் அழகிய பிரெஞ்சுப் படைப்பொன்று வந்தது. ஆனால் அது பொறுமையுள்ள சாந்தமான படைப்பு. பிழைக்கு அங்கே பெரிய விலையில்லை. பிழைக்கு விலை வைப்பதில் மியாசாக்கியின் கூட்டத்தாரை மிஞ்ச யாருளர்?

இலகுவாக்கும் தெரிவு வேண்டுமா என்பது இத்துறையில் நெடுநாளைய வழக்கு. அது வேண்டாம் என்போரின் பக்கமே எமது மனம் சாய்கின்றது. ஆயினும் ஒரு சலுகையைக் கேட்போம். ‘டார்க் சோல்ஸ்’, ‘எல்டன் றிங்’ முதலியவற்றை நடுவில் நிறுத்திவைக்க முடியாது. பட்டியலைத் திறந்தாலும் எதிரி வந்து வெட்டிக்கொண்டேயிருப்பான். ‘செக்கிரோ’வில் நிறுத்தலாம். தாய் சோற்றைப் போட்டுவிட்டு மூன்றாந்தடவை கூப்பிடும் வீட்டில் இவ்வேற்றுமை சிறிதன்று. இன்னுமொன்று: எழுத்துக்கள் எம் வயதினருக்குப் பொடியாயிருக்கின்றன. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதற்குள் ஒருமுறை இறந்துவிடுகின்றோம்.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. இவை சிறுவர்க்குரியனவல்ல, ‘செக்கிரோ’ ஐரோப்பியத் தரப்படுத்தலில் பதினெட்டு வயதினர்க்கென விதிக்கப்பட்டது. இரத்தம் தாராளமாகச் சிந்துகின்றது. இரவு முழுதும் விழித்திருந்து ஆடுவதை நாம் நியாயப்படுத்தவுமில்லை. மருமகனிடம் பத்து மணிக்கு மேல் பெட்டியை மூடுவதென ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். அதற்குப் பதிலாக அவன் கேட்டது, நாமும் ஒருமுறை ஆடிப்பார்க்க வேண்டுமென்பது.

எமது நூலகக் கற்பனையை அவனிடம் சொன்னபோது, “மாமா, அது பள்ளிக்கூடமாப் போயிடும்” என்று முதலிற் தள்ளிவிட்டான். சற்று நேரம் கழித்து, “ஆனா அந்த ஓரக்குறிப்பு நல்லாயிருக்கும். எந்தக் குறிப்பு எழுதினவன் பொய்யன் எண்டு கையெழுத்திலையே பழகவேணும்” என்றான். அவன் விருப்பம் ‘செக்கிரோ’வின் இரண்டாம் பாகமே. ஒற்றைக்கை ஒற்றனின் கதை முடிந்துவிட்டதே என்றோம். வேறொருவன் கதையாக வரட்டும், ஆனால் வாளோடு வாள் படும் அந்த ஓசை வேண்டும் என்றான். அவ்வோசையைக் கேட்டவர்கள் என்ற முறையில் அவன் பக்கத்திலும் நியாயமுண்டென ஒப்புகின்றோம். ஆயினும் தனியாள் ஆடும் படைப்பாயிருக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒருமனப்பட்டோம்.

கெனிச்சிரோ வீழ்ந்தது நாம் முதலிற் சென்ற நாளிலன்று. அதற்கு நான்காம் நாள். தொலைபேசியில் அவன் குரலைக் கேட்டபோது பெறுபேறோ என ஒருகணம் ஏமாந்தோம். அதற்கடுத்த கிழமை அவன் பழைய கணக்குக் கொப்பிகளை எடுத்துவந்தான். பிழைவிட்ட வினாக்களை மாத்திரம் ஒரு தாளில் வரிசையாக எழுதி, எந்த அடியிற் பிழைத்தான் எனச் சிவப்பு மையினாற் குறித்திருந்தான். நாம் சொல்லிக்கொடுத்த வழக்கமன்று அது.

இரண்டாந்தடவைப் பரீட்சை முடியும்வரை பெட்டி எமது வீட்டில் இருக்கின்றது. அவன் கேட்டவாறே ஆடத் தொடங்கியிருக்கின்றோம். கோட்டைப் புறத்திலே முதலில் எதிர்ப்படும் காவற்றளபதியிடம் இதுவரை பதினேழு தடவை இறந்துவிட்டோம். அவனுடைய முதலிரண்டு வீச்சுக்கள் மட்டும் எமக்குத் தெரியும்.